ஈத்தல் ஸ்மித்தை யார் மறந்தது?

பழைய ரெக்கார்டு: 2022 ப்ராம்ஸ் இசைவிழாவில், ஆங்கிலேயப் பெண் இசையமைப்பாளர் ஈத்தல் ஸ்மித்தின் ‘மாஸ் இன் டி’யை (திருப்பலி வழிபாட்டு வரிகளுக்கு அமைத்த கோரஸ் இசை) லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாடியதைப் பற்றி ஒருவர் போன வாரம் இந்த இசை ஃபோரத்தில் “மறந்துபோன மேதை திரும்பி வந்தார்” என்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1903ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் இவருடைய ஓபரா, 1906ல் லைப்சிக்கில் இன்னொரு ஓபரா ‘தி ரெக்கர்ஸ்’, 1922ல் ‘டேம்’ என்ற அரச பட்டம். இவரையா மறந்தார்கள்?

ஆல்ட்டோ வரிசை: எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். 1893 ஜனவரியில் அதே ஹாலில்தான் மாஸின் அரங்கேற்றம். மறுபடி பாடியது 1924ல், பர்மிங்ஹாமில், ஏட்ரியன் போல்ட் நடத்தி. நடுவில் 31 வருஷம்!

பழைய ரெக்கார்டு: தூங்கியது ஒரு படைப்பு. ஆள் இல்லை.

ஆல்ட்டோ வரிசை: 31 வருஷம். பியானோ துண்டு என்றால் வீட்டிலேயே வாசித்துக்கொள்ளலாம். இதற்கு நாலு தனிக்குரல், பெரிய கோரஸ், முழு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். கோரஸ் சபைக்காரர்கள் எடுக்காவிட்டால் செத்த மாதிரிதான்.

தெருக்கோடி: ஹாலோவே சிறை ஜன்னலில் டூத்பிரஷை ஆட்டிப் பாட்டு நடத்தினாரே, அவர்தானே?

ஆல்ட்டோ வரிசை: அவரேதான், 1912ல், பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் உள்ளே போனபோது. எங்கே ஸ்மித் பேச்செடுத்தாலும் டூத்பிரஷ். இசையைப் பேசுங்களேன்!

தெருக்கோடி: கேட்டது குற்றமா அக்கா?

பழைய ரெக்கார்டு: சரி, இசை. மாஸின் புகழ்ச்சிப் பகுதியான ‘குளோரியா’வைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தது என்ன நியாயம்? ‘எங்களுக்கு அமைதி தா’ என்று முடிய வேண்டிய இடத்தில் கொண்டாட்டம்!

ஆல்ட்டோ வரிசை: அது அவரே கேட்டது, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழக்கம். நான் பாடியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த அமைதிப் பகுதி, ‘அக்னுஸ் தேயி’, முடிந்ததும் கால் கடுக்கும், ஃபோல்டர் கையில் கனக்கும். குளோரியா தொடங்கினால் அந்த வலியெல்லாம் மறந்துபோகும். உட்கார்ந்து சிடி கேட்பவருக்கு எங்கே தெரியப்போகிறது?

பழைய ரெக்கார்டு: சிடி கேட்பவன் என்றால் இளக்காரமா? இசையமைப்பாளர் புரூக்னர் பற்றிய திரியிலும் இதையேதான் சொன்னீர்கள். மறக்கவில்லை.

ஆல்ட்டோ வரிசை: அதையும் மறக்க வேண்டாம், 31 வருஷத்தையும் மறக்க வேண்டாம்.

பழைய ரெக்கார்டு: அந்த 31 வருஷத்தில்தான் மெட்ரோபாலிடன், லைப்சிக் எல்லாம். முதல் பதிவை மறுபடி படியுங்கள்.

ஆல்ட்டோ வரிசை: படித்தேன். அதில் மாஸ் எங்கே?

தெருக்கோடி: புரூக்னர் திரியில் என்ன நடந்தது?