‘இளவரச ஆயர்’ என்றால் ராஜா மகனா? (எதிர் சீர்திருத்தக் காலம்)

பாலாற்றங்கரை, வேலூர்:
ஒன்பதாம் வகுப்புக்கு எதிர் சீர்திருத்த இயக்கம் (புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபை எழுந்தது) பற்றிக் குறிப்பு தயாராகிறது. ‘இளவரச ஆயர்’ (ஆயர் என்றால் பிஷப்) என்ற இடத்தில்தான் இடிக்கிறது. நம்ம வேலூர் ஆயர் 1952இல் உருவான மறைமாவட்டத்தின் தலைவர், அவ்வளவுதான். ஜெர்மனியில் ஆயரே வரி வாங்கினார், படை வைத்திருந்தார் என்கிறார்களே, நம்ம பக்கத்து ஆரணி ஜாகிர் (ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்த சீமை) மாதிரி பரம்பரைச் சொத்தா? ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் ஆயர் யூலியுஸ் எக்டரை உதாரணமாக வைக்கலாமா?

கோட்டைவாசல்:
முதல்ல அந்தச் சொல்லை மாத்துங்க சார். ஜெர்மன் மூலச்சொல் ‘ஃபூர்ஸ்ட்’, ஒரு சீமையை ஆள்பவர் என்று பொருள். ‘சிற்றரச ஆயர்’ என்றால் குழப்பம் இருக்காது.

ஜாகிர் ஒப்புமை பாதிதான் சரி. ஆட்சி உண்டு, வாரிசு கிடையாது. பேராலயத்துக் கானன்கள் (பேராலயக் குழுவின் உறுப்பினர்கள்) கூடி ஓட்டுப் போட்டுத்தான் ஆயரைத் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாரும் பிரபு வீட்டுப் பிள்ளைகள். தங்கள் சலுகைகளைக் காப்பாற்றும் நிபந்தனைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு வாசல் ஏறணும்: ஆயர் பதவிக்குப் போப்பாண்டவர் ஒப்புதல், ஆட்சிக்குப் புனித ரோமப் பேரரசர் பட்டயம்.

எக்டர் 1573 டிசம்பரில் தேர்வானபோது வயது 28, குருப்பட்டம்கூட வாங்கவில்லை. அதுவும் ஆயர் திருநிலைப்பாடும் (ஆயராக அருள்பொழிவு செய்யும் சடங்கு) 1575 மே மாதம்தான், சில நாள் இடைவெளியில். இந்த ஒன்றரை வருஷத்தைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுங்க, பதவி இரண்டு என்பது தானாக விளங்கும். அந்த ஊர்ப் பேராலயத்தில் பழைய ஆயர்களின் கல்லறைச் சிற்பங்களில் மேய்ப்புக்கோலோடு வாளும் இருக்கும்.

குடியாத்தம் வாசகன்:
கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் (லூத்தர் வழிப் புராட்டஸ்டன்டுகள்) நடுவே ஏற்பட்ட 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையை விட்டுடாதீங்க. ஆள்பவரின் மதமே குடிகளின் மதம். ஆனால் ஆயர் லூத்தரன் ஆனால் பதவியையும் சீமையையும் விட்டுப் போகணும். கொலோன் பேராயர் கெப்ஹார்ட் 1582இல் மதம் மாறி, மறுவருஷம் கல்யாணமும் செய்துகொண்டு, பதவியை விட மாட்டேன் என்றார். போர் மூண்டது.

ஆள்பவரின் மதமே குடிகளின் மதம் என்ற விதியை எக்டர் தன் பக்கம் திருப்பியவர். 1585 முதல் லூத்தரன் போதகர்களை வெளியேற்றினார். ஊர் ஊராக விசாரணை. கத்தோலிக்கராகு, இல்லையேல் சொத்தை விற்றுவிட்டுக் கிளம்பு. அவரும் சறுக்கியிருக்கார். 1576இல் ஃபுல்டா மடாதிபதியை மிரட்டிப் பதவி விலக வைத்து அந்தச் சீமையையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். பேரரசர் குறுக்கே வந்தார். மடாதிபதி 1602இல் திரும்பிவிட்டார்.

கோட்டைவாசல்:
அவர் கட்டியதையும் எழுதணும். 1576இல் யூலியுஸ்ஸ்பிட்டால் மருத்துவமனைக்கு அடிக்கல். செலவுக்குத் திராட்சைத் தோட்டம், காடு, நிலம் எல்லாம் எழுதிவைத்தார், நம்ம கோயில் மானியம் மாதிரி. மருத்துவமனையும் ஒயின் தோட்டமும் இன்றும் நடக்கின்றன. 1582இல் பல்கலைக்கழகத்தைத் திரும்பத் திறந்தார்.

குடியாத்தம் வாசகன்:
அந்த மருத்துவமனை நின்ற இடம் யூதர்களின் இடுகாடு என்பதையும் சேர்த்து எழுதுங்க. 1617இல் முடிந்த அவர் ஆட்சியின் கடைசி வருஷங்களில் சூனியக்காரர் என்று பிடித்து எரித்ததும் உண்டு.

பாலாற்றங்கரை:
நன்றிங்க. ஒருவருக்கு ஒரே மறைமாவட்டம் என்று திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) விதித்ததே, அதை எல்லாரும் கடைப்பிடித்தார்களா?

கோட்டைவாசல்:
எங்கே! கெப்ஹார்டை விரட்டிவிட்டுக் கொலோனுக்கு வந்த பவேரியாவின் எர்ன்ஸ்ட் கையில் ஏற்கெனவே ஃப்ரைசிங், ஹில்டெஸ்ஹைம், லியேஜ் என்ற மறைமாவட்டங்கள் இருந்தன. 1585இல் முன்ஸ்டரும் சேர்ந்தது. பவேரியப் படை இல்லாமல் கொலோன் தக்காது என்று ரோமுக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்துவிட்டது.