வீடியோ கோலில் பயிற்சி: தோள் நோகிறது, தொடரலாமா?

தீவகத் தங்கை:
அண்ணா போன வருடம் பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் டி10 (நெஞ்சுப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு) மட்டத்தில் பாதிப்பு. தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை. நெடுந்தீவிலிருந்து கிளினிக் போவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். அவரைத் தூக்கி இறக்கவே இரண்டு பேர் வேண்டும். அதனால் ஃபிசியோ மிஸ் கிழமைக்கு இரண்டு தரம் வட்ஸ்அப்பில் பயிற்சி சொல்லித் தருகிறா. இப்போது வலது தோள் நோகிறது என்கிறார். நிறுத்துவதா? படமும் அடிக்கடி நின்றுவிடுகிறது.

சாவகச்சேரி அண்ணை:
தங்கச்சி, நான் 11 வருடமாகச் சக்கர நாற்காலியில். எல்லாவற்றையும் நிறுத்த விடாதீர்கள். நோகிற அசைவை மட்டும் விட்டு, இன்றைக்கே மிஸ்ஸிடம் சொல்லுங்கள். எங்களுக்குத் தோள்தான் கால். நாற்காலி உருட்ட உருட்ட நெஞ்சுப் பக்கத் தசை ஏறும், முதுகுப் பக்கம் பின்தங்கும். தோள் முன்னுக்கு வளைந்து நோகத் தொடங்கும்.

எனக்குக் கைகொடுத்தது பழைய சைக்கிள் டியூப். அதை யன்னல் கம்பியில் கட்டி, நாற்காலிக்குப் பிரேக் போட்டு, முழங்கை விலாவை உரசிக்கொண்டு பின்னால் போகிற மாதிரி இழுப்பேன். தோள் காதுப் பக்கம் ஏறினால் பிழை. நான் மாதக்கணக்காக ஏற்றிக்கொண்டிருந்தேன்; முகம் தெரியப் போனை வைத்ததால் மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு வைத்த அன்றே பிடித்துவிட்டா. சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

முள்ளந்தண்டு பாதிப்புள்ளவர்களுக்காக 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டல், உடல் தகுதிக்குக் குறைந்தது 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சியும், பெரிய தசைகளுக்கு 3 செட் வலுப் பயிற்சியும், கிழமைக்கு 2 தரம் என்கிறது. தோள் ஆறட்டும், அப்புறம் மெல்ல அந்த அளவுக்குப் போகலாம்.

தீவகத் தங்கை:
போனை அரிசி வாளியில் சாத்திப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் அண்ணை. காது வரை தூக்குகிறார்தான்! வீடியோ அனுப்பிவிட்டேன்.

வடமராட்சி அம்மா:
பிள்ளை, கமராவில் தோல் தெரியாது. பயிற்சி முடிய, அழுத்தப் புண் வருகிறதா என்று பிட்டம், குதிக்கால் இரண்டையும் நீங்களே பாருங்கள். சிவந்த இடம் அரை மணித்தியாலத்தில் மறையவில்லையென்றால் அந்தப் பக்கம் அழுத்தம் கொடுக்கவே வேண்டாம், மிஸ்ஸுக்கும் சொல்லுங்கள்.

என் மகனுக்குக் கழுத்தில் அடி. டி6இலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்குத் திடீரென்று தலையிடி, முகம் சிவந்து வியர்வை வந்தால் பிரஷர் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர் போகிற கதீற்றர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். டி10க்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் வெயிலில் கவனம். பாதிப்புக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, சூடு இறங்காது. மகன் விடிய 6 மணிக்கே முடித்துவிடுவான்.