தாய்ப்பசு ரத்தம், தொப்புள்கொடி ரத்தம், கன்றின் எடை: எதை, எப்போது அளப்பது? (சினைக்கிடேரி, கொட்டில், எலிசா தட்டு என்பவை எழுதுபவர்களின் புனைபெயர்கள்)

சினைக்கிடேரி: ஜெர்சி கலப்பினப் பசுக்களில் ஹார்மோன் அளவுக்கும் கன்றின் பிறப்பு எடைக்கும் உள்ள தொடர்பை எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டம்) ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். தாயிடம் ஈஸ்ட்ரோன் சல்ஃபேட், ப்ரொஜெஸ்டிரோன் (சினையைக் காக்கும் ஹார்மோன்), கார்டிசால் (அழுத்த ஹார்மோன்), தொப்புள்கொடியில் ஐ.ஜி.எஃப்-1 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி), இன்சுலின், கார்டிசால் ஆகியவற்றை அளக்க வேண்டும். ஈனும் அன்று இரண்டு ரத்தத்தையும் சேர்த்து எடுத்தால் போதுமா? கொடியில் எப்படி எடுப்பது?

கொட்டில்: தாய்க்கு அது போதாது. ஈனுவதற்கு ஓரிரு நாள் முன்பே ப்ரொஜெஸ்டிரோன் சரிந்துவிடும். வலி வந்ததும் கார்டிசால் ஏறும். அன்றைய மாதிரி பிரசவத்தைத்தான் காட்டும், கருவின் வளர்ச்சியை அல்ல. சினை ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணி 240, 260, 270ஆம் நாட்களில் கழுத்துச் சிரையில் எடுங்கள். காளைக்கு விட்ட மாடுகளைச் சேர்க்காதீர்கள், அந்தத் தேதிகளை நம்ப முடியாது.

செலவு இடித்தால் தாயிடம் ஈஸ்ட்ரோன் சல்ஃபேட்டை மட்டும் வையுங்கள். கருவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து உண்டாக்குவது அது. ப்ரொஜெஸ்டிரோன் பெரும்பாலும் தாயின் சூலகத்திலிருந்து வருவதால் கன்றைப் பற்றி அதிகம் சொல்லாது.

கொடி விஷயத்தில் கை வேகம் வேண்டும். மாட்டின் கொடியில் 2 தமனி, 2 சிரை. பசு நின்றபடி ஈன்றால் கன்று விழும்போதே கொடி அறுந்து, தமனிகள் கன்றின் வயிற்றுக்குள் சுருங்கிவிடும். படுத்து ஈனும்போது இடுப்பு வெளியே வந்ததும் இரண்டு கிளாம்ப் போட்டு, நடுவில் சுவர் மெலிந்து அகன்றிருக்கும் சிரையில் 18 கேஜ் ஊசியால் 10 மில்லி எடுங்கள். தவறிவிட்டால் சீம்பால் கொடுக்கும் முன் கன்றின் கழுத்தில் எடுக்கலாம், ஆனால் அதைத் தனிப் பிரிவாகக் குறியுங்கள். சீம்பால் உள்ளே போய்விட்டால் இன்சுலின் அளவு கெட்டது. எடையும் அதற்கு முன்பே, தராசில் பாருங்கள், நெஞ்சளவை வைத்து எடையைக் கணிக்கும் நாடா வேண்டாம்.

எலிசா தட்டு: பாதித் தவறு குழாயில்தான் நடக்கும். மாட்டு ரத்தத்தை வெளியே வைத்தால் சிவப்பணுக்களே ப்ரொஜெஸ்டிரோனைச் சிதைத்துவிடும். எடுத்தவுடன் ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். 0.5 மில்லியாகப் பங்கிட்டு உறைய வைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிருக்காது. சிவப்பணு உடைந்து சிவந்துபோன மாதிரியில் இன்சுலின் பார்க்காதீர்கள், சிவப்பணுவில் உள்ள நொதி அதைச் சிதைக்கும்.

ஹார்மோனை அளக்கும் கிட் வாங்கும்போது கவனம். மாட்டின் ஐ.ஜி.எஃப்-1 மனிதனுடையதே, ஒரு அமினோ அமிலம்கூட மாறாது. மனித கிட் ஒத்துவர வாய்ப்பு அதிகம். இன்சுலினில் 3 இடம் வேறு, மாட்டுக்கான கிட்டே வேண்டும். ஐ.ஜி.எஃப்-1ஐ, ரத்தத்தில் அதோடு ஒட்டியிருக்கும் பிணைப்புப் புரதங்களிலிருந்து ஆசிட்-எத்தனால் (அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) கொண்டு பிரிக்காமல் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

சினைக்கிடேரி: நன்றி சார். கயிறு கட்டி இழுத்த கன்றுகளில் கார்டிசால் எகிறும், அவற்றை நீக்கிவிடலாமா?

கொட்டில்: நீக்காதீர்கள். மாட்டிக்கொள்பவை பெரும்பாலும் பெரிய கன்றுகள்தானே? அவற்றைத் தள்ளினால் எடையின் வீச்சு குறுகி, உண்மையில் இருக்கும் தொடர்பும் மறைந்துபோகும். தானாக ஈன்றது, கையாலோ கயிற்றாலோ இழுத்தது, அறுவை என்று பிரசவத் தரத்தைப் பதிந்து, கன்றின் பாலினம், ஈத்து, சினை நாட்கள், காளை ஆகியவற்றோடு புள்ளியியல் மாடலில் சேருங்கள். இரட்டைக் கன்றுகளை மட்டும் தனியே வையுங்கள்.