ஏர்வுல்ஃப் நான்காம் சீசன்: ஹெலிகாப்டரே இல்லாமல் எடுக்கப்பட்டதா?

மாலைவானம் கேட்டது:
ஏர்வுல்ஃப் என்னும் அதிநவீனப் போர் ஹெலிகாப்டரைச் சுற்றி நடக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து, இப்போது நான்காம் சீசனுக்கு வந்திருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே நாயகனின் நண்பர் டொமினிக் சான்டினி வெடிவிபத்தில் இறந்துவிடுகிறார். ஹெலிகாப்டரை ஓட்டும் நாயகன் ஸ்ட்ரிங்ஃபெல்லோ ஹாக் படுகாயமடைந்து கதையை விட்டே விலகுகிறார். வியட்நாம் போரில் காணாமல் போயிருந்த அவருடைய அண்ணன் சின்ஜின் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஹெலிகாப்டர் பறக்கும் காட்சிகள் அனைத்தும் எனக்கு ஏற்கெனவே பார்த்தவையாகவே தோன்றுகின்றன. என் கண்தான் ஏமாற்றுகிறதா, அல்லது இதற்கு வேறு காரணம் உண்டா?

பழையஅலைவரிசை:
உங்கள் கண் ஏமாற்றவில்லை. 1984 ஜனவரியில் தொடங்கிய தொடரை மூன்று சீசன்களோடு சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் 1986-இல் நிறுத்திவிட்டது. அதுவரை எடுக்கப்பட்டிருந்தவை 55 அத்தியாயங்கள். இரண்டு மணி நேரம் ஓடும் தொடக்கப் படத்தை இரண்டாக எண்ணினால் 56. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடரின் பெரும் இலாபம், முடிந்த பிறகு அதை நாடெங்குமுள்ள உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்காக விற்பதில்தான், அதாவது சிண்டிகேஷனில்தான், இருந்தது. அந்த நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாளும் ஒரே தொடரைக் காட்டும் என்பதால், 55 அத்தியாயங்கள் பதினோரு வாரத்தில் தீர்ந்துவிடும். இந்தக் குறையை நிரப்பத்தான் யூஎஸ்ஏ நெட்வொர்க் என்னும் கேபிள் அலைவரிசையின் பணத்தில், 1987-இல் மேலும் 24 அத்தியாயங்கள் கனடாவின் வான்கூவரில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டன. கதைக்குத் தேவைப்பட்டதனால் அல்ல, கணக்குக்குத் தேவைப்பட்டதனால் பிறந்த சீசன் இது. தொடரை உருவாக்கிய டொனால்ட் பெல்லிசாரியோவுக்கும் இதில் பங்கில்லை.

சுழல்விசிறி:
ஹெலிகாப்டரைப் பற்றி நான் சொல்கிறேன். ஏர்வுல்ஃபாக நடித்தது உருமாற்றப்பட்ட ஒரு பெல் 222 வகை ஹெலிகாப்டர். நான்காம் சீசனை எடுத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே வானில் நீங்கள் பார்ப்பவை முந்தைய சீசன்களின் படச்சுருள்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. விமானி அறைக்குள் நடப்பவை மட்டும் பழைய மாதிரிக்கூட்டைச் சற்றே மாற்றி, அதற்குள் புதிதாக எடுத்தவை. அந்தப் பெல் 222 மீண்டும் சாதாரண உருவத்துக்குத் திரும்பி, ஜெர்மனிக்கு விற்கப்பட்டு, அவசர மருத்துவ ஊர்தியாகப் பறந்தது. 1992 ஜூனில் இடிமழையில் சிக்கி விழுந்ததில் அதிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். ஒலியை மிஞ்சும் வேகத்தில் அது பாய்வதாகக் காட்டிய காட்சிகளை இதை அறிந்த பின் முன்போல் விளையாட்டாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

மாலைவானம்:
இருவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம்: சான்டினியின் கடைசிக் காட்சியில் அவர் முகத்தையே காட்டவில்லையே?

பழையஅலைவரிசை:
அது சான்டினியாக நடித்துவந்த எர்னஸ்ட் போர்க்னைன் அல்லர். முதுகை மட்டும் காட்டி வேறொருவரை நிறுத்தினார்கள். உளவு அமைப்பின் அதிகாரியாக வரும் ஆர்க்கேஞ்சலுக்கு அந்தச் சிறு மரியாதைகூட இல்லை; வெளிநாட்டுப் பணிக்குப் போய்விட்டதாக ஒரு வரி வசனத்தோடு சரி. பழைய நடிகர்களில் உண்மையாகவே வந்து போனவர் ஸ்ட்ரிங்ஃபெல்லோ ஹாக்காக நடித்த ஜான்-மைக்கேல் வின்சென்ட் ஒருவர்தான்.

குளக்கரை:
புதியவர்கள் மீது எனக்குப் பெரிய குறையில்லை. சின்ஜினாக வரும் பேரி வான் டைக்கும், மேஜர் ரிவர்ஸாக வரும் ஜெரெய்ன்ட் வின் டேவிஸும் கிடைத்ததைக் கொண்டு நேர்மையாகவே நடித்திருக்கிறார்கள். ஆனால் பழைய காட்சிகளை ஒட்டியதுதான் சீசனைக் கெடுத்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏரிக்கரை மரவீட்டில் நாயோடு தனித்திருந்து செல்லோ வாசிக்கும் ஒரு மனிதன், அண்ணனைத் தேடித் தரும்வரை ஹெலிகாப்டரைத் திருப்பித் தரமாட்டேன் என்று அரசின் உளவு அமைப்போடு மல்லுக்கு நிற்பதுதான் தொடரின் உயிர். அண்ணன் திரும்பி வந்த அன்றே அந்தப் பிடிவாதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அசல் ஹெலிகாப்டரே கிடைத்திருந்தாலும் அவர்கள் எதற்காகப் பறப்பார்கள்?

சுழல்விசிறி:
ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அசல் ஹெலிகாப்டர் இருந்திருந்தால் நான் இருபத்து நான்கையும் பார்த்திருப்பேன். ஏழோடு நிறுத்திவிட்டேன்.