எங்கள் வீட்டில் யாருக்கும் வயிறு ஒத்துழைப்பதில்லை: மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

வீட்டில் நாலு பேர். கணவர் பால் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிவிடும். ஐந்து வயதுப் பையனும் அப்பா வழிதான் போல. காலையில் பால் குடித்தால் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் இரண்டு தடவை கழிவறைக்கு ஓட்டம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது. எதைத் தின்றதால் என்று பிடிபடவில்லை. சாப்பிட்டதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதியும் பார்த்தேன், மூன்று வாரத்தில் எல்லா உணவுமே குற்றவாளி ஆகிவிட்டது.

இதற்கிடையில் போன வருடம் என் தங்கைக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. ஆறேழு வருடமாக இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவள். கோதுமையில் உள்ள குளூட்டன்தான் அவளுடைய சிறுகுடலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு: எல்லாம் பரம்பரையில் வருவது, மரபணுவைப் பார்த்துவிட்டால் விடை கிடைத்துவிடும். எச்சில் அனுப்பினால் எந்த உணவு ஒத்துவரும், எது வராது என்று அறிக்கை தரும் பெட்டி நான்கு வாங்கிவிட்டேன். பத்து நாளாக அலமாரியில் பிரிக்காமல் கிடக்கின்றன. பிள்ளைகளின் எச்சிலை அனுப்ப ஏனோ கை வரவில்லை. கோதுமையை வீட்டை விட்டே நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத அப்பா:

உங்கள் கணவர் கட்சி நான். நாங்கள் நாலு பேரும் செய்துகொண்டோம், அதனால் பாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் நொதி வேண்டும். பால் மறக்கும் வயதுக்குப் பிறகு அது மெல்லக் குறைவதுதான் மனிதர்களுக்கு இயல்பு. உலகில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அப்படித்தான். குறையாமல் காப்பாற்றும் ஒரு மரபணு மாற்றத்தை 2002-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லாக்டேஸ் மரபணுவிலேயே இல்லை அது. பக்கத்து வீடான எம்சிஎம்6 மரபணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே ஓர் எழுத்து சி-யிலிருந்து டி ஆகியிருக்கும். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் சி வந்தால் நொதி குறையும், ஒரு டி இருந்தாலே போதும், பெரும்பாலும் குறையாது.

எனக்கு சி-சி. வியப்பு ஒன்றுமில்லை, என் வயிறு இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அச்சடித்துக் கொடுத்தார்கள். பெரியவனுக்கும் சி-சி. ஆனால் அப்போது நாலு வயதில் அவன் பாலைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. எட்டு வயதில்தான் தொடங்கியது. குறையும் என்று அறிக்கை சொல்லும், எப்போது என்று சொல்லாது.

சின்னவன் கதைதான் வேடிக்கை. அவனுக்கு சி-டி, "பால் ஒத்துக்கொள்ளும்" என்று பச்சைக் குறி. அதே மாதம் அவனுக்கு வாந்தி பேதி வந்து, தேறிய பிறகும் பால் குடித்தாலே வயிறு போனது. அறிக்கையை நம்பி நாங்களும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். தொற்றில் குடலின் உள்சுவர் புண்பட்டால் நொதி தற்காலிகமாகக் குறையும் என்று மருத்துவர் சொன்னார். சில வாரம் பாலை நிறுத்தினோம், சரியாகிவிட்டது. மரபணுவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

இன்னொன்று: ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இதே வேலையைச் செய்யும் வேறு மாற்றங்கள் உண்டு. எங்களுக்கு வந்த அறிக்கை அந்த ஒன்றை மட்டுமே பார்த்திருந்தது. பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனையே இன்றைய நிலையைச் சொல்லும். இரண்டு வாரம் பாலை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பது அதைவிட எளிது.

மனைவிக்குச் சீலியாக் உள்ளவர்:

கோதுமையை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து. நாங்கள் செய்த முட்டாள்தனம் அதுதான்.

மனைவிக்கு நோய் உறுதியானதும் இரண்டு பிள்ளைகளுக்கும் எச்எல்ஏ பரிசோதனை செய்தார்கள், அதாவது சீலியாக் வர வழிவிடும் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது, மருத்துவர் எழுதிக் கொடுத்து, முறையான ஆய்வகத்தில். டிகியூ2, டிகியூ8 என்ற இரண்டு மரபணு வகைகளில் ஒன்றாவது இருந்தால்தான் சீலியாக் வர வழி உண்டு. மகனுக்கு இரண்டுமே இல்லை. அவனுக்கு இந்த நோய் வருவது மிக மிக அரிது, திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு நாளுக்காகவே அந்தப் பரிசோதனைக்கு நன்றி சொல்வேன்.

மகளுக்கு டிகியூ2 இருந்தது. மனைவி அன்று இரவு தூங்கவில்லை. மறுநாளே ரொட்டி, பிஸ்கட் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. மக்களில் 30 முதல் 40 சதவீதம் பேர் இந்த மரபணுக்களைச் சுமக்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கே நோய் வருகிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நெருங்கிய உறவில் நோயாளி இருந்தால் கூடும் என்பது உண்மை. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. அப்போதும் ஒன்பது பேருக்கு இல்லை.

நாலு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை. சீலியாக் இருந்தால் இரத்தத்தில் ஏறும் டிடிஜி எதிர்ப்பான் அளவு இயல்பாக இருந்தது, எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மருத்துவர் ஒரே கேள்வி கேட்டார்: "பிள்ளை கோதுமை சாப்பிடுகிறாளா?" குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அந்த எதிர்ப்பான் இறங்கிவிடும், குடலும் ஆறிவிடும். முடிவுக்கு அர்த்தமே இல்லை. மறுபடி ஆறு வாரம் தினமும் ரொட்டி கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். "ரொட்டி விஷம்" என்று நாங்களே சொல்லி வளர்த்த ஏழு வயதுக் குழந்தைக்கு அதை ஊட்டிய ஆறு வாரம் இருக்கிறதே, அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கடைசியில் இயல்புதான். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம், வழக்கம் போல எல்லாம் சாப்பிடுகிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நோய் உங்கள் தங்கைக்கு. அப்படியென்றால் அந்தப் பத்தில் ஒருவர் கணக்கில் வருவது நீங்கள், பிள்ளைகள் உங்களுக்கு அப்புறம். நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா?

இனிப்பைத் தொடாத பையனின் அம்மா:

மேலே எல்லோரும் மரபணுவைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவதால் எழுதுகிறேன். எங்களுக்கு அதுதான் விடை.

ஆறு மாதத்தில் பழக்கூழ் கொடுக்கத் தொடங்கியதும் வாந்தி, வியர்வை, துவண்டு போவது. தாய்ப்பால் மட்டும் குடித்தவரை ஒன்றும் இல்லை. வளர வளர அவனே இனிப்பு, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கினான். பிறந்தநாள் கேக்கைப் பார்த்து அழும் குழந்தை என்று உறவினர்கள் கேலி செய்வார்கள், நானும் பிடிவாதம் என்று திட்டியிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது. ஐந்து வயதில் பல் மருத்துவர்தான், "ஒரு சொத்தைகூட இல்லையே, இனிப்பே சாப்பிட மாட்டானா?" என்று வியந்தார். அதைக் குழந்தை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பரம்பரை ஃப்ரக்டோஸ் சகிப்பின்மை. பழத்திலும் இனிப்பிலும் உள்ள ஃப்ரக்டோஸ் சர்க்கரையை உடம்பால் கையாள முடியாத நோய். ஏஎல்டிஓபி என்ற மரபணு. எங்கள் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்திருக்கிறது, அவனுக்கு இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃப்ரக்டோஸைக் கொடுத்துச் சோதிப்பது இதில் ஆபத்து, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடும். அதனால் நேராக மரபணுவையே பார்த்தார்கள். இப்போது இருமல் சிரப்பின் லேபிளைக்கூடப் படிக்காமல் கொடுப்பதில்லை, இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டாலும் ஆகாது. அபூர்வமான நோய்தான். ஆனால் குழந்தை ஒன்றை விடாமல் ஒதுக்கினால் ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முட்டை ஒவ்வாமை வீட்டிலிருந்து:

சுருக்கமாக. உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் அது அலர்ஜி. அதை மரபணு அறிக்கை காட்டாது. தோல் குத்துப் பரிசோதனை, அலர்ஜிக்கான எதிர்ப்பானை அளக்கும் ஐஜிஇ இரத்தப் பரிசோதனை, மருத்துவர் கண்முன் சாப்பிட வைத்துப் பார்ப்பது, இவைதான் வழி. மூச்சுத் திணறினால் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். எச்சில் பெட்டியோடு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பானை வைத்துப் போடும் உணவுப் பட்டியலையும் விற்பார்கள், வாங்காதீர்கள். அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. அதை நம்பி இருபது உணவை நிறுத்தினோம். மிச்சம், மகள் மூன்று கிலோ இளைத்ததுதான்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கோதுமையை நிறுத்தவில்லை. பையனுக்குப் பாலை இரண்டு வாரம் நிறுத்தினோம், வயிறு அடங்கியது. இப்போது தயிராகக் கொடுக்கிறேன், தொந்தரவில்லை. பெண்ணுக்கு டிடிஜி, அந்த முடிவை நம்பலாமா என்று பார்க்கும் மொத்த ஐஜிஏ இரண்டும் இயல்பு. வலி பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் வருகிறது என்று மருத்துவர் என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார். நான் உணவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், கிழமையைப் பார்க்கவே இல்லை.

பெட்டிகள் அலமாரியிலேயே இருக்கின்றன. இதே போல எச்சில் வாங்கி மரபணு அறிக்கை தரும் ட்வென்டித்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின, 2025-ல் அது திவால் மனுவும் போட்டது. ஒன்பது வயதுப் பெண்ணின் மரபணுவை அவள் சம்மதம் இல்லாமல் ஒரு கம்பெனியிடம் கொடுக்கத் தயங்கிய கை சரியாகத்தான் தயங்கியிருக்கிறது.

மனைவிக்குச் சீலியாக் உள்ளவர் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, நான் பார்த்துக்கொண்டதே இல்லை. எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை, களைப்பு மட்டும்தான், இரண்டு பிள்ளை வளர்ப்பவளுக்கு அது இருக்காதா என்று விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதற்காகப் பெண்ணோடு சேர்த்து நானும் இரத்தம் கொடுத்தேன். என்னுடைய டிடிஜி இயல்பைப் போல எட்டு மடங்கு.

வியாழக்கிழமை எண்டோஸ்கோபி, குடலிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பார்கள். உறுதியானால் பிள்ளைகளுக்கு எச்எல்ஏ. அதுவரை தினமும் ரொட்டி சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.