வருகிறவர்கள் "நல்லா இருந்தது" என்கிறார்கள், ஆனால் யாரும் திரும்பி வருவதில்லை (வால்பாறை, மூன்று அறை ஹோம்ஸ்டே)

தேயிலைக்காட்டுவாசி

வணக்கம். வால்பாறையில் டவுனை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியை மூன்று அறை ஹோம்ஸ்டேயாக மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. நானும் கணவரும்தான் எல்லாம், சமையல் அம்மா. அப்பாவும் கூட இருக்கிறார், ஆனால் எதிலும் தலையிட மாட்டார். முப்பது வருடம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு இப்போது திண்ணையே கதி என்று இருக்கிறார்.

வருகிறவர்கள் யாரும் குறை சொல்வதில்லை, அதுதான் என் குறையே. கூகுளில் போய்ப் பார்த்தால் "ரூம் சுத்தம், சாப்பாடு ஓகே" என்று நாலு நட்சத்திரம். பல்லாவரத்திலோ பாலக்காட்டிலோ ஒரு லாட்ஜில் தங்கினாலும் இதையேதான் எழுதியிருப்பார்கள். வருடம் ஒரு தரம் மலைக்கு வருகிற குடும்பங்கள் அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விடுகின்றன, சொந்தக்காரர்களிடமும் எங்கள் பெயரைச் சொல்வதில்லை.

நான் செய்து பார்த்தவை: வந்ததும் வெல்கம் டிரிங்க், மெத்தையில் ரோஜா இதழ், துண்டை மடித்து அன்னப்பறவை (யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், மூன்று நாள் ஆனது), சனிக்கிழமை கேம்ப் ஃபயர். பக்கத்தில் புதிதாக வந்த இடத்தில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள், நாங்களும் போடலாமா என்று கணவர் கேட்கிறார். ஜூன் வந்தால் மழை, அப்புறம் செப்டம்பர் வரை பாதி நாள் காலி. கையில் இருப்பது ஐம்பதாயிரம். எதில் போட்டால் ஆட்கள் எங்களை நினைவு வைத்துக்கொள்வார்கள்?

வளைவு40

நான் ஹோட்டல் நடத்துகிறவன் இல்லை, விருந்தாளி. வால்பாறைக்கு மூன்று முறை வந்திருக்கிறேன், மூன்று முறையும் ஒரே வீடுதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் தடவை ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. ஒன்பதாவது வளைவில் இறங்கி வரையாடு பார்த்தோம், அதுவரை எல்லோரும் சந்தோஷம். இருபதுக்கு மேல் என் மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள், நாற்பதாவது வளைவு தாண்டும்போது என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். போய்ச் சேர்ந்தபோது எங்கள் காரும் நாங்களும் இருந்த நிலைமைக்கு யாராவது கையில் ஆரஞ்சு ஜூஸைக் கொடுத்திருந்தால் அவர் மேலேயே ஊற்றியிருப்பேன். அந்த வீட்டுக்கார அம்மா ஆதார் கேட்கவில்லை, ரிஜிஸ்டர் நீட்டவில்லை. குழந்தையைப் பார்த்ததும் "முதல்ல குளிங்க, சுடுதண்ணி ரெடியா இருக்கு, மத்தது அப்புறம்" என்றார். குளித்து வந்தால் இஞ்சி தட்டிப்போட்ட கட்டன் டீயும், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும், ரசம் சாதமும். நாங்கள் சாப்பிடும்போது அவர் வீட்டுப் பையன் எங்கள் காரின் மிதியடியைக் கழுவிக் காயப்போட்டிருந்தான், நாங்கள் கேட்கவே இல்லை.

அந்த ரூம் சுவருக்கு என்ன நிறம் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உங்கள் இடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த நாற்பது வளைவைத் தாண்டித்தான் வருகிறார்கள் (சாலக்குடி பக்கமிருந்து மளுக்குப்பாறை வழியாக வருகிறவர்கள் வேறு கணக்கு, அவர்களுக்கும் காடு, வளைவு எல்லாம் உண்டு). காலையிலேயே ஒரு போன் போட்டு "பொள்ளாச்சியில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், ஆழியாறில் நின்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும். ஐம்பதாயிரத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

கானாடுகாத்தான் பக்கம்

நாங்கள் காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீடு ஒன்றில் ஐந்து அறை வைத்து நடத்துகிறோம். இங்கே வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அதனால் எங்கள் பாடு கொஞ்சம் சுலபம். ஆனால் பர்மா தேக்குத் தூணை எத்தனை நேரம் பார்ப்பார்கள்? அரை மணி நேரம், பத்து போட்டோ, முடிந்தது.

திருப்பம் எங்கே வந்தது என்றால் ஆத்தங்குடியில். அங்கே தரையில் பதிக்கிற பூப்போட்ட டைல்ஸ் கல் போடுகிற பட்டறைக்கு முன்பெல்லாம் வேடிக்கை பார்க்க மட்டும் கூட்டிப்போவோம். ஒருநாள் ஒரு பையன் நானும் போடணும் என்று அடம்பிடிக்க, பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே விட்டார். கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கலர் சிமெண்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கவேண்டும். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறணும், வெயிலில் காயணும், அதற்குப் பல நாள் ஆகும், அவர்களோ மறுநாள் கிளம்புகிறவர்கள். சரி, அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து அந்தக் கோணல் பூக் கல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது, அன்றைக்கு வந்த போனை நான் மறக்கவே மாட்டேன். மொத்தக் குடும்பமும் ஸ்பீக்கரில்.

அப்போதிருந்து எல்லோருக்கும் அப்படித்தான், பட்டறைக்காரருக்கு அவர் நேரத்துக்குக் காசு கொடுத்துவிடுகிறேன். கூரியரில் நாலில் ஒன்று உடைகிறது, உடைந்தால் நான் இன்னொன்று போட்டு அனுப்புகிறேன். உங்கள் ஊரில் கல் இல்லை, ஆனால் திண்ணையில் முப்பது வருட டீ ஃபேக்டரி உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பழைய டிராவல்ஸ்காரன்

மேலே இருவரும் அழகாகச் சொல்லிவிட்டார்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், அம்மணி கோபித்துக்கொள்ளக்கூடாது.

ஐம்பதாயிரத்தையும் இன்வெர்ட்டரிலும் கீசரிலும் போடுங்கள். ஆகஸ்ட் மழையில் கரண்ட் போய், காயாத துண்டு நாறி, போர்வை ஜில்லென்று இருந்தால் எந்த இஞ்சி டீயும் காப்பாற்றாது. ஒரு அறைக்கு இரண்டு செட் துண்டு கூடுதலாக வையுங்கள். அன்னப்பறவை வேண்டாம், அதன் கழுத்தைப் பிரித்துத்தான் துடைக்கணும், யார் கைபட்டதோ என்று என் மனைவி அதைத் தொடவே மாட்டாள்.

ஸ்பீக்கர் கட்டவே கட்டாதீர்கள். உங்கள் ஊரில் யானை எஸ்டேட்டுக்குள் வந்தால் ஜனங்களுக்கு மெசேஜ் போகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. அப்படிப்பட்ட ஊரில் ராத்திரி பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டமா? அதேபோல "யானை காட்டுகிறேன்" என்று ராத்திரி ஜீப்பில் யாரையும் கூட்டிப்போகாதீர்கள், காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாலே கெட்டீர்கள், வராவிட்டால் ஏமாற்றம், வந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். புதுத்தோட்டம் பக்கம் காலையில் நடந்தால் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குகள், ரோட்டுக்கு மேலே கட்டியிருக்கிற பாலத்தில் தாண்டுவதைப் பார்க்கலாம், பழைய தீயணைப்புக் குழாயில் செய்தது. பிஸ்கட் மட்டும் போடவிடாதீர்கள்.

கடைசியாக யாருமே சொல்லாத ஒன்று. டிரைவர். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டினேன், முக்கால்வாசி இடங்களில் வண்டியிலேயே கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். மலைக்குளிரில். எங்கே எனக்குக் கட்டிலும் கம்பளியும் கொடுத்து, விருந்தாளிக்கு வைத்த அதே குழம்பை ஊற்றினார்களோ, அடுத்த பார்ட்டி "நல்ல இடமா சொல்லுங்கண்ணா" என்று கேட்டதும் என் வாயில் அந்த இடம்தான் வரும். உங்கள் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் சொல்லப்போகிறவன் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன், ரூம் எடுத்தவன் இல்லை.

தேயிலைக்காட்டுவாசி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும்.

கீசரும் இன்வெர்ட்டரும் வாங்கியாயிற்று, பணம் தீர்ந்தது. கீழே ஸ்டோர் ரூமைக் காலி செய்து டிரைவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். துண்டு மடிப்பதை நிறுத்திவிட்டேன், மூன்று நாள் கற்றுக்கொண்டது போச்சு.

அப்பா கதைதான் பெரிது. போன சனிக்கிழமை ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்தது, விடாத மழை. அட்டைக்குப் பயந்து குழந்தைகள் வாசலைத் தாண்டவில்லை. அப்பாவைக் கெஞ்சி மூன்று டம்ளர் டீ போடச் சொன்னேன், பி.ஓ.பி., பி.டி., டஸ்ட் என்று டீத்தூளில் மூன்று ரகம். முதலில் முறைத்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். ராத்திரி முழுக்க இலை வாடுவது, காலையில் மெஷினில் நசுக்கியதும் பச்சை வாசனை போய்ச் செம்பு நிறம் ஏறுவது, அந்த வாசனையை மூக்கால் பிடித்து ட்ரையருக்கு அனுப்புவது, டீக்கடைக்காரர் ஏன் டஸ்ட்டையே வாங்குகிறார் என்பது. ஒன்றரை மணி நேரம். எனக்கே பாதி தெரியாது, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். ஈரோட்டுக்காரர் கிளம்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பாவிடம்தான் பத்து நிமிடம் நின்றார்.

இப்போது சிக்கல் வேறு மாதிரி. அப்பா தினமும் சட்டையை மாற்றிக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்குத் தயாராக உட்கார்ந்துவிடுகிறார். நேற்று வந்த பையன்கள் நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார், ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. வருகிறவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்வதா, எப்படிக் கேட்பது? கானாடுகாத்தான்காரர் சொல்லுங்கள், உங்கள் பட்டறைக்காரர் இந்த மாதிரி ஆட்களை எப்படிச் சமாளிக்கிறார்?