இருபது வளைவுக்கு ஒரு ரீமேப்

குழு: செவ்வாய்ப்பேட்டை வீட்டார்

சனிக்கிழமை

கார்த்தி, காலை 8.10
எல்லோருக்கும் வணக்கம். என் போலோ காருக்கு, அதாவது 2021இல் வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல் வண்டிக்கு, ஸ்டேஜ் ஒன் ரீமேப்பும் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் டியூன்) கூம்பு வடிவ ஃபில்டருடன் வரும் இன்டேக் கிட்டும் (இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய்) போட வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஒரு கடையில் பேசிவைத்திருக்கிறேன். கம்பெனிக் கணக்கில் வண்டிக்கு 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்று விசை. ஆனால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டு ஏற்காடு ஏறும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் தாண்டி இரண்டாம் கியரில் மிதித்தால், வண்டி சற்று யோசித்த பிறகுதான் எழுகிறது. டியூன் போட்டால் 140 குதிரைத்திறனுக்குக் குறையாது என்கிறார் கடைக்காரர். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அம்மா, காலை 8.14
எல்லாம் எழுதினாய், எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் எழுதவில்லை.

கார்த்தி, காலை 8.15
இரண்டும் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறார்கள், அம்மா.

பெரியப்பா, காலை 8.31
கண்ணு, குதிரைத்திறனைப் பிறகு பார்க்கலாம். இது நீ இரண்டாவது கையாக வாங்கிய வண்டி; முதலில் வைத்திருந்தவர் கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டினாரா, ஆயிலை நேரத்துக்கு மாற்றினாரா என்பது நமக்குத் தெரியாது. நல்ல நேர்ச்சாலையில் நான்காம் கியரில் குறைந்த வேகத்தில் வைத்து முழுவதுமாக மிதித்துப் பார். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி, வேகம் அதற்குத் தக்கபடி ஏறவில்லை என்றால் கிளட்ச் இப்போதே வழுக்குகிறது என்று பொருள். 175க்கே வழுக்குகிற கிளட்சில் இன்னும் ஐம்பது அறுபது நியூட்டன் மீட்டரைக் கூட்டினால், ஏற்காட்டுப் பாதி வழியில் கிளட்ச் கருகிய வாசனையோடு ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் கழற்றிப் பார்க்காமல் எந்தக் கடைக்காரன் லேப்டாப்பைத் திறந்தாலும், அவனிடம் வண்டியை விடாதே.

கோவை அண்ணன், காலை 9.02
அப்பா சொன்னது முற்றிலும் சரி. கார்த்தி, நீ சொல்கிற குறைக்கும் நீ வாங்கப் போகிற பொருளுக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். உன் இன்ஜினுக்கு முழு டார்க் கிடைப்பது நிமிடத்துக்கு 1,750 சுற்றில் தொடங்கி 4,000 சுற்று வரைக்கும்தான். கொண்டை ஊசி வளைவிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் வெளியே வரும்போது இன்ஜின் 1,500 சுற்றுக்குக் கீழே கிடக்கும். அந்த இடத்தில் டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகையே வெளியேறுவதில்லை. வண்டி யோசிப்பதாக உனக்குத் தோன்றுவது, டர்போ சுழன்று காற்றை அழுத்தத் தொடங்கும் வரைக்குமான அந்த இடைவெளிதான்.

ரீமேப் என்பது ஈசியூவில், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியில், இருக்கும் மேப் என்கிற அட்டவணைகளை மாற்றுவது. எந்தச் சுற்றில் எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்), எப்போது தீப்பொறி, எவ்வளவு பெட்ரோல், டார்க்குக்கு எது உச்சவரம்பு என்பவையெல்லாம் அந்த அட்டவணைகளில்தான் இருக்கின்றன. 2,000 சுற்றுக்கு மேலே அதனால் நல்ல மாற்றம் தெரியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1,400 சுற்றில் இல்லாத காற்றை எந்த அட்டவணையாலும் உண்டாக்க முடியாது. இன்டேக் கிட்டின் கதை இன்னும் மோசம். காற்றுக்குழாயில் தடை குறைவதன் பலன், இன்ஜின் மிக அதிகமான காற்றை இழுக்கும் மேல் சுற்றுகளில்தான் கிடைக்கும். வளைவு முடிந்து ஊர்ந்து ஏறும் இடத்தில் அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை.

கார்த்தி, காலை 9.10
அப்படியென்றால் வளைவில் முதல் கியருக்கு இறங்குவதுதான் ஒரே வழியா, அண்ணா?

ஏற்காடு சித்தப்பா, காலை 9.26
ஆமாம் தம்பி, அதற்குக் காசும் கேட்க மாட்டார்கள். காப்பி மூட்டையோடு நான் ஜீப்பில் ஏறுகிறேன். மேலே இருக்கிற சில இறுக்கமான வளைவுகளில் முதல் கியருக்கு வெட்கப்படாமல் இறங்குவேன். வெளியூர் வண்டிகள்தான் இரண்டாம் கியரிலேயே இன்ஜினைத் திணறவிட்டு ஏறுகின்றன.

கோவை அண்ணன், காலை 9.48
சித்தப்பா சொல்கிற அந்தத் திணறலில்தான் டியூன் போட்ட வண்டிக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ இன்ஜின்களில், குறைந்த சுற்றில் அதிகப் பளு கொடுத்தால், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. ஒரே ஒரு முறை பலமாக நடந்தால்கூடப் பிஸ்டனின் விளிம்பு உடைந்துபோகலாம். சாதாரண நாக், அதாவது தீப்பொறிக்குப் பிறகு மீதிக் கலவை தானாக வெடிக்கும் தட்டல், வந்தால் சென்சார் அதைக் கேட்டுத் தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும். இதுவோ தீப்பொறிக்கு முன்பே நடப்பதால், தாமதப்படுத்துவதில் பயன் இல்லை. இன்ஜின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகைச் சுத்திகரிப்பானுக்கும் இதில் பங்கு உண்டு என்று கண்ட பிறகுதான் 2018இல் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) எஸ்என் பிளஸ் என்றும், 2020இல் எஸ்பி என்றும் புதிய ஆயில் தரங்களைக் கொண்டுவந்தார்கள். ஆகவே 1,500 சுற்றிலேயே முழு டார்க் வரும்படி மேப் எழுதித் தருகிறோம் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், அதைக் குறையாக எடுத்துக்கொள். நல்ல டியூனர் 2,000 சுற்று வரைக்கும் டார்க்கைக் கட்டிவைத்து, அதற்கு மேலேதான் திறந்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்தில் 0.98 பாராக இருக்கிற காற்றழுத்தம் மேலே 0.85 பாருக்குப் பக்கத்தில் வந்துவிடும். டர்போ இல்லாத வண்டி இந்த இழப்பை அப்படியே திறனில் காட்டும். உன் வண்டியில் டர்போ வேகமாகச் சுழன்று ஈடுகட்டும். ஒரு கணக்குக்கு, மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயில், 2 பார் வேண்டும் என்று மேப் கேட்கிறது என்று வைத்துக்கொள். கீழே டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். ஏற்காட்டில் அதே 2 பாருக்கு ஏறக்குறைய 2.4 மடங்கு அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தக் காற்று சூடாகும், டர்போவின் சுழல் வேகமும் எல்லையை நெருங்கும். அதற்காகத்தான் உயரம் ஏற ஏறப் பூஸ்டைக் குறைக்கும் திருத்தத்தைக் கம்பெனி வைத்திருக்கிறது. அந்தத் திருத்தத்தை அப்படியே விட்டுவிடுகிறாரா என்று கடைக்காரரிடம் முதலில் கேள். கேள்வி புரியாமல் விழித்தாரானால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு.

வக்கீல் அக்கா, காலை 10.20
கார்த்தி, சட்டப் பக்கத்தையும் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றங்களைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மென்பொருளை மாற்றுவது இந்தப் பிரிவுக்குள் வருமா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான், ஆனால் வாதாடும் இடத்துக்கு நீ போக வேண்டுமா என்பதை யோசி. சத்தமும் புகையும் வரம்பைத் தாண்டினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு இருக்கிறது. அதில் வாதாட இடம் குறைவு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்காமல் வைத்திருந்து, பிறகு விபத்துக்கு இழப்பீடு கேட்டால், அவர்கள் முதலில் பிடிக்கும் நூல் அதுவாகத்தான் இருக்கும்.

கார்த்தி, காலை 10.34
அக்கா, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டரை நான் தொடப்போவதில்லை. அது ஸ்டேஜ் டூ. இதில் ஏர் ஃபில்டரும் மேப்பும் மட்டும்தான்.

வக்கீல் அக்கா, காலை 10.36
அதை நீ எனக்குச் சொல்லிப் பயன் இல்லை, உன் பாலிசியில் எழுதிவைத்துக்கொள்.

பெரியப்பா, காலை 11.15
ஏர் ஃபில்டர் என்றதும் எனக்குக் கருப்பூர்ப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. மாக்னசைட் சுரங்க லாரிகள் ஓடும் அந்தச் சாலைகளில் வெள்ளைத் தூசி எப்படிப் பறக்கும் என்பது சேலத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் மாக்னசைட் மட்டும் இல்லை. கூடவே வெட்டியெடுக்கிற டியூனைட் பாறையின் தூளும் உண்டு, அது மிகவும் கடினமானது. கிட்டில் வரும் எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் காற்றைத் தாராளமாக விடுகிறது என்றால், காற்றோடு எதையெல்லாம் சேர்த்து விடுகிறது என்றும் கேட்க வேண்டும். டர்போவின் அலுமினிய இறக்கை மிக வேகமாகச் சுழல்கிறது, அதன்மேல் இந்தத் தூள் நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பணிமனையில் நாங்கள் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்போம். மணல்போல் நெருடினால் நேராக ஏர் ஃபில்டரைத் திறப்போம். கம்பெனியின் காகித ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் கொஞ்சம் முன்னதாகவே மாற்றிவிடு. நம் ஊருக்கு அதுதான் இன்டேக் கிட்.

கார்த்தி, காலை 11.22
பெரியப்பா, ஆனால் வீடியோக்களில் கிட் போட்ட பிறகு இன்டேக் குளிர்ச்சியாக இருப்பதாகக் காட்டுகிறார்களே?

கோவை அண்ணன், காலை 11.40
எங்கே எடுத்த வீடியோ என்று பார். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முன்பக்கக் கிரில் வழியாகக் காற்று பாய்ந்து எல்லாவற்றையும் குளிர்வித்துவிடும். மலைப்பாதையில் பேருந்துக்குப் பின்னால் ஊரும்போது பானெட்டுக்குள் இருக்கிற சூடு எங்கேயும் போகாது. திறந்த கூம்பு அந்தச் சூட்டைத்தான் உறிஞ்சும். கம்பெனி ஏர் பாக்ஸ் மூடிய பெட்டி, வெளிக்காற்றைத் தனிக் குழாயில் எடுத்துக்கொள்கிறது. கிட் போட்டால் உனக்கு நிச்சயமாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று, அந்த உஸ் என்கிற சத்தம். அது பிடித்திருந்தால் அதற்காக வாங்கு, நான் குறுக்கே நிற்கவில்லை. திறனுக்காக வாங்குகிறேன் என்று மட்டும் சொல்லாதே. வண்டிக் கணினியின் அளவுகளைப் படிக்கும் என் ஓபிடி கருவி உன் வீட்டு மேசை டிராயரில்தான் கிடக்கிறது. நாளை ஏற்காடு போய், இன்டேக் வெப்பநிலையையும் தீப்பொறித் தாமதத்தையும் பதிவுசெய்துகொண்டு வா, பிறகு பேசுவோம்.

சித்தி, பகல் 12.05
மேலே வருவதென்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எத்தனை பேர் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி, மாலை 5.30
பதிவை அனுப்பியிருக்கிறேன், அண்ணா. அடிவாரத்தில் இன்டேக் வெப்பநிலை 44 டிகிரி. நடுவில் ஒரு பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சில வளைவுகள் ஊர்ந்தபோது 60ஐத் தாண்டியது, வழி கிடைத்ததும் மெல்ல இறங்கியது. இது மூடிய கம்பெனிப் பெட்டியிலேயே. மேலே சித்தப்பா வீட்டை நெருங்கும்போது, மூன்றாம் கியரில் மிதித்த இரண்டு இடங்களில் தீப்பொறியைத் தாமதப்படுத்தியிருக்கிறது. அடிவாரத்தில் போட்டது சாதாரணப் பெட்ரோல்தான். வளைவுகளில் முதல் கியரைப் பயன்படுத்தினேன். சித்தப்பா சொன்னதுபோல, நான் குறைசொன்ன அந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது.

கோவை அண்ணன், மாலை 6.10
பார்த்தேன். சாதாரணப் பெட்ரோலில் கம்பெனி மேப்பே அங்கங்கே பின்வாங்குகிறது என்றால், அதற்கு மேலே தீப்பொறியை முன்னால் தள்ளும் மேப் வெறும் காகிதத்தில்தான் 140 காட்டும். மலையில் நாக் சென்சார் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். எக்ஸ்பி95 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோலை எப்போதும் போடுவாய் என்றால் அதற்குத் தக்கபடி எழுதச் சொல். எப்போதாவதுதான் போடுவாய் என்றால், சாதாரணப் பெட்ரோலுக்கு எழுதிய மிதமான மேப் போதும், எண் கொஞ்சம் குறைவாக இருந்துவிட்டுப் போகட்டும். பழைய ஃபைலைப் படித்துப் பத்திரப்படுத்தி, உன் கையிலும் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும் மேப்பை இலவசமாகத் தருகிறோம் என்பார்கள். அது எரியாத பெட்ரோலைப் புகைக்குழாயில் எரிப்பது. கேடலிட்டிக் கன்வர்ட்டருக்கு அதைவிடக் கெடுதி வேறு இல்லை.

ஏற்காடு சித்தப்பா, மாலை 6.32
அந்த வெடிச்சத்தத்தோடு எங்கள் ஊருக்கு வராதே, தம்பி. காட்டெருமை சாலையோரம் நிற்கும் நேரத்தில் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். இன்று நீ இறங்கும்போது நான் பின்னாலேயே வந்தேன், வளைவுக்கு வளைவு உன் பிரேக் விளக்கு அணையவே இல்லை. ஏறின கியரிலேயே இறங்கு, இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும், அதையும் நினைவில் வை.

பெரியப்பா, மாலை 6.50
பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பில் இருக்கிறதா, கண்ணு? டாட் 4 தரப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் 230 டிகிரி வரையாவது தாங்க வேண்டிய ஆயில், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை தாங்கினாலே தரத்தில் தேறிவிடும். இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் மெத்தையில் மிதித்ததுபோல உள்ளே போய்விடும்.

கார்த்தி, இரவு 8.05
பில் எதுவும் இல்லை, பெரியப்பா. கடைக்காரரிடமும் பேசிவிட்டேன். உயரத் திருத்தத்தைத் தொடமாட்டோம், பழைய ஃபைலைக் கையில் தருகிறோம் என்று தெளிவாகச் சொன்னார், அதனால் கடை தேறிவிட்டது. இன்டேக் கிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரீமேப்புக்கு மட்டும் 35,000 ரூபாய் ஆகும். இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதி அக்காவுக்கு அனுப்புகிறேன், அவர்கள் பதில் வந்த பிறகுதான் நாள் குறிப்பேன்.

அம்மா, இரவு 8.07
மீதி 25,000 இருக்கிறது அல்லவா, அதை என்ன செய்யப் போகிறாய்?

பெரியப்பா, இரவு 8.15
பிரேக் ஆயில், முன்சக்கரப் பிரேக் பேடு, நான்கு ஸ்பார்க் பிளக்.

கோவை அண்ணன், இரவு 8.16
மூன்று பிளக், அப்பா. இது மூன்று சிலிண்டர் வண்டி.

பெரியப்பா, இரவு 8.20
சரி, மூன்று. எஸ்பி தர ஆயிலும் புது ஏர் ஃபில்டரும் சேர்த்துக்கொள். நாளைக் காலை ஏழு மணிக்குள் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்து. வெயில் ஏறுவதற்குள் பேடை நானே கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.